ஸ்பிரிங் இருந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் காரின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுவிட்டு, அதை வெளியே எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் குழாய், அந்தப் பக்கம் ஆல்டர்னேட்டரின் இரும்பு உடம்பு, நடுவில் இருபத்தாறு வருஷம் பேனா மட்டுமே பிடித்துக் கொழுத்த கை. போன வழியாகத்தானே திரும்பி வர வேண்டும்? வர மாட்டேன் என்றது. யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்தார். கூப்பிட்டால் மனைவிதான் வருவாள். அது வேண்டாம் என்று சோப்புத் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் காலாலேயே இழுத்து, இடது கையால் மொண்டு மொண்டு ஊற்றி, ஒருவழியாகத் தோல் உரிந்த முட்டிகளோடு கையை மீட்டெடுத்தார்.

அவருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் பேனாவை மூடி வைக்கத் தெரியாதவர். மனைவி எழுதித் தருகிற மளிகைச் சீட்டில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சுழித்துக் காட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகும் வரை சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியிருந்தது தெர்மோஸ்டாட். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன வால்வு. ஒரு பக்கம் தட்டையான மூடி, இன்னொரு பக்கம் ஸ்பிரிங். என்ஜின் தண்ணீர் சூடானதும் அதற்குள் இருக்கிற மெழுகு உருகி மூடியைத் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். திறக்காவிட்டால் என்ஜின் தன் தண்ணீரிலேயே வெந்துபோகும். வேலை இத்தனூண்டு, ஆனால் இந்தக் காரை வரைந்த புண்ணியவான் அதைக் கொண்டுபோய் என்ஜினுக்குக் கீழ்ப்பக்கம், குழாய்களுக்குப் பின்னால், மனிதக் கண்ணுக்கே தெரியாத ஓர் இடுக்கில் ஒளித்து வைத்திருந்தான். பேட்டரியைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, தண்ணீரை ஒரு பேசினில் வடித்த பிறகும் அங்கே கைதான் போகும், கண் போகாது.

போன வாரம் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. மெக்கானிக் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். அவரிடம் நாலு நாள் இல்லை. மனைவியின் தம்பி, தன் மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட இந்தக் காரைத்தான் கேட்டிருந்தான். கல்லூரி மலைமேல் இருந்தது. இன்று சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துப் போவான், நாளை விடியற்காலையில் பெட்டி படுக்கையோடு ஏறுவார்கள். "நானே மாத்திடறேன், இது எனக்குப் புதுசா என்ன?" என்று அவர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

புதுசில்லைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெர்மோஸ்டாட்டை அவரே மாற்றியிருக்கிறார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தடவித் தடவியே கழற்றி, தடவித் தடவியே பூட்டினார். இப்போது இடுப்பு அப்படிப் படுக்க விடாது, மேலிருந்துதான் கையை விட வேண்டும். "கண்ணால பார்க்காமலே போட்டேன்" என்று அச்சகத்தில் எல்லோரிடமும் மூன்று வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாலாவது வாரம்தான் தம்பி குடும்பத்தோடு அந்த மலைப் பயணம்.

அந்தப் பயணத்துக்கு அவர் போகவில்லை, அவசரமாக ஒரு புத்தகம் முடிக்க வேண்டியிருந்தது. மனைவிதான் ஓட்டினாள். நன்றாக ஓட்டுவாள். பின்சீட்டில் தம்பியும் அவன் மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். பாதி மலையில் பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. என்ஜின் நின்றுவிட்டது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே பிரித்துச் சரி செய்ய வேண்டியதாயிற்று. அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "முள் நடுவுலதாங்க இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

அது எப்படி? முள் ஏறாமல் என்ஜின் வேகுமா? தெர்மோஸ்டாட் புத்தம் புதுசு, அவர் கையால் போட்டது. "அதைத் தொட வேணாம், அது சரியா இருக்கு" என்று அந்த ஊர் மெக்கானிக்கிடமே சொல்லிவிட்டார். அப்படியானால் தப்பு எங்கே இருக்க முடியும்? மூன்று நாள் விடாமல் கேட்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய ரயிலில் கேட்டார், தம்பி வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார், வீட்டுக்கு வந்து கேட்டார். கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் கேட்டார். எழுத்தாளர்களிடம் அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். மூன்றாவது நாள் ராத்திரி அவள், "சரி, நான்தான் பார்க்கல போல" என்றாள். அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

பெயரும் அவர் வைத்ததுதான். வெந்நீர். "என்ஜின்லயே வெந்நீர் போட்டவ" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். தம்பி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டான். சொந்தக்காரர்கள் மத்தியில் இப்போது அவளுக்கு அதுதான் பெயர். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள்.

"கை மாட்டிக்கிச்சா?"

வாசலில் துண்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"மாட்டல. சும்மா பார்த்தேன்" என்று முட்டிகளைச் சட்டையில் துடைத்தார். சட்டையில் மூன்று சிவப்புக் கோடு விழுந்தது.

அவள் கோடுகளைப் பார்த்தாள். "என் கை போகும். என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

வேறு வழியில்லை. இரண்டு போல்ட், பத்து எம்எம், கழற்றினால் ஒரு மூடி வரும், மூடிக்குள் தெர்மோஸ்டாட் என்று சொன்னார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். டார்ச்சு வெளிச்சத்தில் தெரிந்தது அவளுடைய முழங்கை மட்டும்தான். அவள் கண்ணை எங்கேயோ எதிர் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு, விரல்களால் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஒரு போல்ட் கிடைச்சுது. இன்னொண்ணு அதுக்குக் கீழ, கொஞ்சம் உள்ளடங்கி இருக்கு. தலையில பாதி அழுக்கு."

"ஸ்பேனர் உட்காருதா?"

"இருங்க. இப்போ உட்கார்ந்துச்சு."

அவர் அரை மணி நேரம் திட்டிக்கொண்டு தேடிய இரண்டாவது போல்ட்டை அவள் கால் மணி நேரத்தில் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். மருந்துக்கடைக் கை. நூறு டப்பா அடுக்கிய மேல் தட்டில் எட்டித் தடவி, கேட்ட மருந்தைச் சரியாக உருவுகிற கை. அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

"மூடி வந்துடுச்சுங்க. உள்ள விரல் விடறேன். ஆங், ஸ்பிரிங் படுது."

"ஸ்பிரிங் படாது. தட்டைப் பக்கம்தான் படும்."

"இல்லைங்க, ஸ்பிரிங்தான். சுருள் சுருளா இருக்கு. விரலை வச்சு அமுக்கினா அமுங்குது."

புது தெர்மோஸ்டாட் வந்த அட்டைப்பெட்டி அவர் காலடியில் கிடந்தது. அதன் மேலேயே படம் போட்டிருந்தது. ஓர் அம்புக்குறி, ஸ்பிரிங் என்ஜினைப் பார்த்தபடி. ஸ்பிரிங் பக்கத்தில்தான் மெழுகு இருக்கும். என்ஜின் சூடு அதில் பட்டால்தான் திறக்கும். மூடியைத் திறந்ததும் விரலில் ஸ்பிரிங் படுகிறது என்றால் அது வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது. தலைகீழாக இருக்கிறது. கண்ணால் பார்க்காமலே போட்ட கை, தலைகீழாகப் போட்டிருக்கிறது.

அந்த ஒரு நொடியில் மலையும், ஆவியும், ரயிலும், மூன்றாவது நாள் ராத்திரியும் வரிசையாக வந்து நின்றன. ஊருக்குள் ஓடியவரை அது தாமதமாகவாவது திறந்து சமாளித்திருக்கும், மலை ஏற்றத்தில் முடியாது. தண்ணீர் ஓடாமல் அடைத்து நின்றால் உள்ளே காற்று சேரும். முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் காற்றில் நின்றால் என்ஜின் கொதித்தாலும் முள் ஏறாது. இது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. தெரிந்திருந்தும் அன்று அந்தப் பக்கம் யோசனையே போகவில்லை. முள் நடுவில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினாள்.

இதையெல்லாம் உணர்ந்த வாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த வாய் சொன்னது இது: "அப்படி இருக்காதே. வெளியே எடு பார்க்கலாம்."

எடுத்தாள். குழாய்களுக்கு நடுவே நெளித்து, விரல்களுக்குள் உருட்டி, வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து நீட்டினாள். வெளியே வந்த பொருளுக்கு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்? அது எப்படி இருந்தது என்பதற்கு அவள் விரலைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

"எடுக்கும்போது திருப்பியிருப்ப" என்றார்.

"எடுக்கறதுக்கு முன்னாடியேதான் நான்..." என்று ஆரம்பித்தவள், கையிலிருந்த வால்வைப் பார்த்தாள். ஒரு தடவை அப்படியும் இப்படியும் திருப்பினாள். "இருக்கும். வழவழன்னு இருந்துச்சு. திருப்பிட்டேன் போல."

சண்டை போட்டிருந்தால் அவரும் போட்டிருப்பார். அவள் அதைச் சொன்ன விதம்தான் அவரை என்னவோ செய்தது. வருத்தமில்லை, முணுமுணுப்பில்லை. சில்லறை தப்பாகக் கொடுத்துவிட்டு வாங்கி மாற்றிக் கொடுப்பது போலச் சொன்னாள். அவர் வால்வை வாங்கிப் பார்த்தார். தட்டைப் பக்கம் முழுக்க என்ஜின் துரு பழுப்பாக அப்பியிருந்தது, ஸ்பிரிங் பக்கம் கழுவி வைத்தது போல் இருந்தது. இத்தனை நாள் என்ஜினைப் பார்த்து இருந்தது தட்டைப் பக்கம்தான், சந்தேகத்துக்கே இடமில்லை. அதைச் சட்டென்று கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுல என்ன கோளாறு?"

"பழசாயிடுச்சு."

"ரெண்டு வருஷத்துலயா?"

"மட்டமான சரக்கு" என்றார். யாரோ ஒரு தொழிற்சாலைக்காரன் தலையிலும் ஒரு பழியைக் கட்டியாயிற்று.

புதியதை அவள் கையில் கொடுத்து, ஸ்பிரிங் உள்ளே போக வேண்டும், ஓரத்தில் ஆடுகிற, காற்றுக்கு வழிவிடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு கையை விட்டாள். வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். பார்த்தாள். மறுபடி உள்ளே விட்டாள். மறுபடி எடுத்தாள்.

"ஏன், உட்காரலையா?"

"உட்கார்ந்துச்சு. ஸ்பிரிங் உள்ளதான் போச்சு. ஆனா நீங்க ஒரு தடவை தொட்டுப் பார்த்துடுங்க."

"என் கைதான் போகாதே."

"அப்போ போனை உள்ள விட்டு ஒரு போட்டோ எடுங்க. பார்த்துட்டு மூடியைப் போடறேன்."

"எதுக்கு? உனக்கே தெரியுதுல்ல?"

"தெரியுதுதான்" என்றாள். எதிர் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கை உள்ளே இருந்தது. "எனக்குத் தெரியறதை நம்பிப் பூட்டிட்டு, நாளைக்குப் புள்ளைங்க மலை ஏறும்போது எதாவது ஆச்சுன்னா? கடையிலயும் இப்படித்தாங்க. மாத்திரை ஐநூறா, இருநூத்தி ஐம்பதான்னு அட்டையில எழுதியிருக்கறதைப் படிப்பேன். படிச்சுட்டு, பக்கத்துல நிக்கற பொண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொல்லிட்டுதான் கொடுப்பேன். வரிசை நீளமாயிடும். எல்லாரும் முணுமுணுப்பாங்க. அதான் நானே முதலாளிகிட்டக் கேட்டு பில் போடற இடத்துக்கு மாறிக்கிட்டேன்."

"உட்கார்ந்து பண்ற வேலைன்னு மாறினேன்னு சொன்ன?"

"உங்ககிட்ட வேற என்ன சொல்றது?"

"எப்போலேர்ந்து இப்படி?"

கேட்டிருக்க வேண்டாம். பதில் அவருக்குத் தெரியும்.

"அந்த மலைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்துதான். இப்போ கண்ணை மூடினாக்கூட அந்த முள் நடுவுல நிக்கறது தெரியுது. வெள்ளை முள். பக்கத்துல ஒரு தூசி ஒட்டியிருந்துச்சு, அதுகூடத் தெரியுது. இல்லாத ஒண்ணையே என் கண்ணு இவ்வளவு தெளிவா பார்த்து வச்சிருக்குன்னா, மாத்திரை விஷயத்துல அதை எப்படிங்க நம்பறது?"

குறை சொல்கிற குரலே இல்லை. தனக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு வேண்டாம் என்பது போலச் சொன்னாள். மருத்துவர்களின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படிக்கிறவள் என்று அந்தத் தெருவே சொல்லும். அவரே எத்தனையோ தடவை, படிக்க முடியாத கையெழுத்துப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம்தான் நீட்டியிருக்கிறார். அந்தக் கண்ணைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வயசாகிறது, களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்.

சொல்லாமலும் விட்டுவிடலாம். இதை நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வண்டி சரியாகிவிடும், தம்பி எடுத்துப் போவான், யாரும் யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை. பையில் கிடப்பதைக் குப்பையில் போட்டால் முடிந்தது. அதை யோசித்துக்கொண்டே போனை உள்ளே விட்டுப் படம் எடுத்தார். படத்தில் தட்டை மூடிதான் தெரிந்தது, ஸ்பிரிங் உள்பக்கம் இருந்தது. அவள் சொன்னபடியே இருந்தது.

"சரியா இருக்கா?"

"நீ திருப்பல" என்றார்.

"என்னது?"

"பழசை எடுக்கும்போது நீ திருப்பல. அது உள்ளயே அப்படித்தான் இருந்துச்சு. ஸ்பிரிங் வெளியதான் இருந்துச்சு." பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "நான்தான் தலைகீழாப் போட்டிருக்கேன். அதான் அன்னைக்கு வெந்துச்சு. நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் என்னாலதான்."

அவள் உள்ளே மூடியைப் பொருத்தி, ஒரு போல்ட்டை விரலாலேயே சுற்றிவிட்டு, "ஸ்பேனர்" என்று இடது கையை நீட்டினாள். கொடுத்தார். இரண்டு போல்ட்டையும் முறுக்கி முடித்த பிறகுதான் கையை வெளியே எடுத்தாள்.

"அப்போ முள்?"

"காத்து அடைச்சுக்கிட்டா முள் ஏறாது. உள்ள கொதிச்சாலும் நடுவுலதான் நிக்கும்."

"நடுவுலதான் இருந்துச்சு."

"ஆமா. நடுவுலதான் இருந்துச்சு."

அவள் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த அழுக்கை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் டார்ச்சை அணைக்காமல் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டினால் ஒரு கணக்காக முடிந்துபோகும்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று தலையைத் தூக்காமல் கேட்டாள்.

மென்று முழுங்கினார். "நீ ஸ்பிரிங் படுதுன்னு சொன்னப்பவே."

"அதுக்கு அப்புறம்தானே நான் திருப்பிட்டேன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"ரெண்டு வருஷம் முன்னாடி சொன்னது தெரியாம சொன்னது. இது தெரிஞ்சே சொன்னது."

அச்சகத்தில் யாராவது இப்படித் தப்பைச் சுட்டிக் காட்டினால் குறைந்தது மூன்று சப்பைக்கட்டாவது தயாராக வைத்திருப்பார். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "மன்னிச்சுடு" என்றார். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று யோசித்தார். பஸ்ஸில் காலை மிதித்தவர்களிடம்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்.

அவள் துண்டில் கையைத் துடைத்தாள். "தண்ணி ஊத்துங்க. காத்து நிக்காம பார்த்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேட்டரியை மாட்டினார். பெட்டியை மாட்டினார். கூலண்ட் ஊற்றி, குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, என்ஜினை ஓடவிட்டார். பத்து நிமிஷத்தில் கீழ்க்குழாய் சூடாயிற்று. அப்படியென்றால் வால்வு திறந்துவிட்டது, எல்லாம் சரி. முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சாவியைத் திருப்பி அணைத்தார். மத்தியானம் சாப்பாடு போட்டாள், சாப்பிட்டாள், பாத்திரம் துலக்கினாள். கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. பிற்பகலில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள், ஆனால் தூங்கவில்லை என்று கட்டில் சத்தத்திலிருந்து தெரிந்தது. அவர் கூடத்தில் திருத்த வேண்டிய புரூப் தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நாலு மணி வரை பார்த்தார்.

ஐந்து மணிக்குத் தம்பி வந்தான். டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறவன், வாய்க்குப் பூட்டில்லாதவன், அக்காமேல் உயிர். வந்ததும் வராததுமாக ஜன்னல் திண்டில் கிடந்த ஸ்பேனரையும் அக்காவின் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, வெந்நீரும் கை வச்சிருக்கு போல? அப்போ நான் ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போறேன். வழியில டீ போட்டுக்கலாம்."

அவள் காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். சிரித்தாள். வழக்கமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு. இத்தனை நாள் அதைச் சிரிப்பு என்று எப்படி எடுத்துக்கொண்டோம் என்று அவருக்கு இருந்தது.

"மாப்ள, அந்தப் பேரை இனிமே சொல்லாத" என்றார்.

"ஏன் மாமா? நீங்க வச்ச பேர்தானே?"

"நான் வச்சதுதான். தப்பா வச்சேன். அன்னைக்கு மலையில வண்டி வெந்ததுக்கு உங்க அக்கா காரணமில்ல. நான் தெர்மோஸ்டாட்டைத் தலைகீழாப் போட்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவ முள்ளைப் பார்த்துக்கிட்டேதான் வந்திருக்கா. முள் நடுவுலதான் இருந்திருக்கு. அவ சொன்னதெல்லாம் நிஜம்."

சொல்லி முடித்ததும் மார்பில் அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"மாமா, நீங்க இருக்கீங்களே" என்றான்.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"புரியுது மாமா. அக்கா மனசு நோகுதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. நான் அந்தப் பேரை விட்டுடறேன், போதுமா? அதுக்காக இப்படியா? நீங்களாவது, தலைகீழாப் போடறதாவது. ஒரு கமாவைக்கூடத் தப்பா விடாத மனுஷன்."

"டேய், இதைப் பாரு." பழைய வால்வைக் கொண்டுவந்து காட்டினார். தட்டைப் பக்கத்துத் துருவைக் காட்டினார், பெட்டி மேலிருந்த அம்புக்குறியைக் காட்டினார். காற்று, சென்சார், ஸ்பிரிங் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். விவரம் சேரச் சேர அவனுக்கு மாமாமேல் மரியாதைதான் கூடியது. அக்காவைக் காப்பாற்ற மனுஷன் இவ்வளவு தூரம் ஜோடித்து வைத்திருக்கிறாரே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அவருக்குச் சொந்தமில்லாத நியாயம் கையில் இருந்தது. இப்போது பாவத்தைக்கூட அவர் பெயரில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

"நீயாவது சொல்லு" என்று மனைவியைப் பார்த்தார்.

"ஆமாடா. அவர் சொல்றது நிஜம்தான்" என்றாள் அவள்.

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க. அக்கா, நீ குடுத்து வச்சவ. என் வீட்டுக்காரிக்கு நான் இப்படி ஒரு நாள் விட்டுக்கொடுத்திருப்பேனா?" அங்கிருந்தே தன் மனைவிக்குப் போன் போட்டான். "கேட்டியா, மாமா என்ன பண்ணார் தெரியுமா? அக்காவுக்காக மலைப் பழியைத் தான் எடுத்துக்கிட்டார். இல்லடி, நிஜமா. இப்படி ஒரு மனுஷன் எங்க கிடைப்பார்?" போனின் அந்தப் பக்கத்திலிருந்து, "மாமா மாமாதான்" என்ற குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

சாவியை வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது, வழக்கத்தில் இல்லாதபடி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். முட்டியில் உரிந்த இடம் எரிந்தது. கார் தெருமுனையில் திரும்பி மறைகிற வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவே இல்ல" என்றார்.

"நம்ப மாட்டாங்க" என்றாள். அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. கசக்கிற மருந்தை நீட்டும்போது கடையில் எல்லோரிடமும் சொல்கிற அதே தணிந்த குரலில், "முதல் ஒரு மாசம்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்" என்றாள்.